சித்திரைக்கு முன் ஒன்று, தீபாவளிக்கு முன் ஒன்று: மழை நாட்டில் ஸ்கூட்டரைப் பேணும் முறை

மியன்மாரின் மோன் மாநிலத்தில், மோல்மீன், முடோன், தட்டோன் பக்கங்களில் கியர் இல்லாத சிறிய ஸ்கூட்டர் ஓட்டும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். வண்டியோடு வரும் கையேட்டில், இத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயிலை மாற்ற வேண்டும், இத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை பெல்ட்டைப் பார்க்க வேண்டும் என்று ஓர் அட்டவணை இருக்கும். அந்த அட்டவணையை நான் மதிக்கிறேன், அதற்குக் கீழே போவதும் இல்லை. ஆனால் மோல்மீனில் ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு, அதில் பெரும்பகுதி மே முதல் அக்டோபர் வரை கொட்டித் தீர்க்கிறது. இந்த ஊரில் பழுதாகிப் படுத்த ஸ்கூட்டர்களைத் திறந்து பார்த்தால், பாதிக்கு மேல் தண்ணீரும் சேறும் செய்த வேலையாகவே இருக்கும். ஆகையால் கிலோமீட்டர் கணக்கோடு பருவக் கணக்கையும் சேர்த்து, ஆண்டுக்கு இரண்டு பெரிய சர்வீஸ் செய்கிறேன். திங்யான் தண்ணீர்த் திருவிழாவும் நம் சித்திரைப் பிறப்பும் ஏப்ரல் நடுவில் ஒன்றாக வருகின்றன. அதற்கு முந்தைய வாரம் ஒன்று. மழை ஓய்ந்து தீபாவளி நெருங்கும்போது இன்னொன்று. முதலாவது வண்டியை மழைக்குத் தயார் செய்வது, இரண்டாவது மழை உள்ளே விட்டுச் சென்றதை வெளியே எடுப்பது.

நான் வைத்திருப்பது 125 சிசி ஹோண்டா கிளிக். தாய்லாந்திலிருந்து வரும் இந்த வகை வண்டிகள் மோன் மாநிலத்தில் நிறைய ஓடுவதால், சொல்லும் அளவுகள் பெரும்பாலும் அதைச் சார்ந்தவை. வேறு வண்டி வைத்திருப்பவர்கள் தங்கள் கையேட்டின் அளவையே பின்பற்ற வேண்டும். காலால் கியர் மாற்றும் சங்கிலி வண்டிகளுக்கு எஞ்சின் ஆயில் வகையிலிருந்தே கணக்கு மாறும் என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. யாங்கோன் நகருக்குள் 2003 முதல் மோட்டார் சைக்கிள்களுக்குத் தடை இருப்பதால், அங்கே இருக்கும் உறவினர்களுக்கு இது பெரிதாகப் பயன்படாது.

ஆயில்

முதலில் எஞ்சின் ஆயில். 125 சிசி ஸ்கூட்டருக்கு 0.8 லிட்டர் போதும். இவ்வளவு குறைந்த ஆயில் இவ்வளவு வேகமாகச் சுழலும் எஞ்சினைக் காக்கிறது என்பதால், அதில் கஞ்சத்தனம் கூடாது. டப்பாவில் 10டபிள்யூ-30 (ஆயிலின் அடர்த்திக் குறி) என்றும், ஜாசோ எம்பி (ஜப்பானியத் தரக் குறி) என்றும் இருக்கிறதா என்று பாருங்கள். எம்பி என்பது ஸ்கூட்டருக்கானது. எம்ஏ என்பது ஆயிலுக்குள்ளேயே கிளட்ச் மூழ்கியிருக்கும் கியர் வண்டிகளுக்கானது. எம்ஏ ஊற்றினால் ஸ்கூட்டர் கெட்டுவிடாது. ஆனால் எம்பி ஆயிலைக் கியர் வண்டியில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கத் தொடங்கும். வீட்டில் இரண்டு வகை வண்டியும் இருந்தால் டப்பாக்களைத் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள். கையேடு இன்னும் அதிக கிலோமீட்டருக்கு அனுமதித்தாலும், மழைக்காலக் குறுகிய ஓட்டத்துக்கு நான் 2,000 முதல் 2,500 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுகிறேன். சந்தைக்கும் கோயிலுக்கும் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டியில் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. உள்ளே படியும் ஈரம் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கிவிடுகிறது.

பழைய ஆயிலை இறக்கும்போது கறுப்பு வாளியில் பிடிக்காதீர்கள். நான் வெள்ளை எனாமல் கிண்ணம் ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறேன். எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றி ஆயிலைக் கிண்ணத்தில் விட்டால், அது பேசத் தொடங்கும். கறுப்பாக இருப்பது இயல்பு. விரலில் எடுத்துத் தேய்க்கும்போது மணல்போல் நெருடினால், ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி போயிருக்கிறது. வெயிலில் சாய்த்துப் பார்க்கும்போது மிக மெல்லிய மினுமினுப்புத் தெரிந்தால், உலோகம் தேய்ந்திருக்கிறது. புதிய வண்டியின் முதல் 1,000 கிலோமீட்டரில் மட்டும் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பால் விட்ட தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்போது புதிய ஆயில் ஊற்றி சிறிது தூரம் ஓட்டி, அதையும் இறக்கிவிட்டு மீண்டும் ஒரு முறை ஊற்ற வேண்டும். இரண்டாம் முறையும் பால் நிறம் வந்தால், தண்ணீர் வெளியிலிருந்து வந்ததல்ல. ரேடியேட்டர் உள்ள வண்டியில் உள்ளே எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள்.

போல்ட்டைத் திரும்ப மாட்டும்போது புதிய வாஷர் போடுங்கள். பலத்தைக் காட்ட வேண்டாம். எஞ்சின் உடல் அலுமினியம், போல்ட் இரும்பு. சில ஆண்டுகளுக்கு முன் நான் அவசரத்தில் ஒரு பட்டறையில் ஆயில் மாற்றக் கொடுத்தேன். கார் சக்கரத்துக்குப் பயன்படுத்தும் நீண்ட ஸ்பேனரால் அந்தச் சிறிய போல்ட்டை முடுக்கிவிட்டார்கள். மரை கிழிந்தது உடனே தெரியவில்லை. முடோன் போகும் வழியில் ஆயில் முழுவதும் சொட்டி முடிந்து, பின்சக்கரத்தில் எண்ணெய் பட்டு வண்டி வழுக்கியபோதுதான் தெரிந்தது. பின்னால் என் மகள் உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து இந்த வேலையை யாரிடமும் கொடுப்பதில்லை. விரலால் முழுவதும் திருகி, பிறகு குட்டை ஸ்பேனரை ஒரு கையின் மணிக்கட்டு பலத்தால் மட்டும் இறுக்கினால் போதும்.

பின்சக்கரத்துக்கு அருகே உள்ள கியர் பெட்டிக்குத் தனி ஆயில் உண்டு. 100 முதல் 120 மில்லி. இது ஒன்று இருப்பதையே பலர் அறிவதில்லை. ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்குப் பிறகு மாற்றினால் போதும்.

காற்று வழியும் தீப்பொறியும்

ஏர் ஃபில்டரில் இரண்டு வகை. ஸ்பாஞ்சு வகையை மண்ணெண்ணெயில் கழுவி, பிழிந்து உலர்த்தி, சில சொட்டு ஆயில் தடவி மறுபடி பிழிந்து மாட்டலாம். எண்ணெய் ஊறிய தாள் வகையைக் கழுவவும் கூடாது, காற்றடித்து ஊதவும் கூடாது. தூசியைப் பிடிப்பதே அந்த எண்ணெய்தான். ஊதினால் தாளின் துளைகள் விரிந்து அது வெறும் அலங்காரமாகிவிடும். அழுக்கேறினால் மாற்றுவது ஒன்றே வழி. ஃபில்டர் பெட்டியின் அடியில் முனை மூடிய ஒரு சிறிய ரப்பர் குழாய் தொங்கும். அதன் மூடியை எடுத்துப் பார்த்தால் தண்ணீரோ எண்ணெயோ சொட்டும். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை அதை வடித்துவிடுங்கள். ஒரு நிமிட வேலைதான். நூறு வண்டிகளில் தொண்ணூறில் அந்தக் குழாய் ஒருமுறைகூடத் திறக்கப்பட்டிருக்காது என்று என்னால் சொல்ல முடியும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும்முன் அதைச் சுற்றியுள்ள பள்ளத்தில் இருக்கும் மண்ணைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நீக்குங்கள். இல்லையென்றால் கழற்றியவுடன் அந்த மண் நேராக சிலிண்டருக்குள் விழும். பிளக்கின் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் எரிதல் சரி. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு. சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, எஞ்சின் மிகையாகச் சூடேறுகிறது. ஈரமான கறுப்பு எண்ணெயாக இருந்தால் பிஸ்டன் வளையமோ வால்வு சீலோ ஆயிலை விடுகிறது. பிளக் முனையில் தீப்பொறி தாவும் இடைவெளி என் வண்டிக்கு 0.8 முதல் 0.9 மில்லிமீட்டர். திங்யானுக்கு முன் பிளக் தொப்பியின் ரப்பர் விளிம்பை மட்டும் தவறாமல் பாருங்கள். நான்கு நாள் வாளியாலும் குழாயாலும் தண்ணீர் அடிக்கும் ஊரில், வெடித்த ரப்பர் வழியாக ஒரு துளி இறங்கினால்கூடத் தீப்பொறி பிளக்குக்குப் போகாமல் வெளியிலேயே பாய்ந்துவிடும். அந்த வாரம் நடுத்தெருவில் நின்றுபோகும் வண்டிகளில் பலவற்றுக்கு, தொப்பியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைப்பதே முழு மருத்துவம்.

வால்வு இடைவெளியைப் பற்றி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் கைக்கும் நடுவே உள்ள சந்தைப் பற்றி, ஒன்று சொல்ல வேண்டும். எஞ்சின் தலையில் டிக் டிக் என்று ஒலி கேட்டால் எல்லாரும் பதறுகிறார்கள். ஒலியே இல்லாத வண்டியைக் கண்டு யாரும் பதறுவதில்லை. உண்மையில் ஆபத்து இரண்டாவதில்தான் அதிகம். இடைவெளி குறைந்த வால்வு முழுதாக மூடாது, மூடாத வால்வு தன் சூட்டை இறக்கிவைக்க இடமின்றிக் கருகும். காலையில் குளிர்ந்த எஞ்சினில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்து, சூடேறிய பின் ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஓடும் நிலையில்) நின்றுபோகும் வண்டியை இதற்காகச் சோதிக்க வேண்டும். இரவு முழுவதும் ஆறிய எஞ்சினில், பிஸ்டன் அழுத்தச் சுற்றின் உச்சியில் இருக்கும் நிலையில், ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகடுகளால் அளக்க வேண்டும். என் வண்டிக்கு உள்வாங்கும் வால்வில் 0.10, வெளியேற்றும் வால்வில் 0.24 மில்லிமீட்டர். தகடு வெண்ணெயில் கத்திபோல் நழுவாமலும் சிக்காமலும், ஒரு சிறிய இழுவையோடு வர வேண்டும். இந்த உணர்வு கைக்கு வரும்வரை தெரிந்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

பெல்ட் பெட்டி

ஸ்கூட்டரின் இடப்பக்கத்தில் நீளமாக இருக்கும் மூடிக்குள் முன்கப்பி, பின்கப்பி, இடையில் வி வடிவ ரப்பர் பெல்ட், பின்னால் கிளட்ச் ஆகியவை இருக்கின்றன. முன்கப்பிக்குள் ஆறு சிறிய உருளைகள், ரோலர் என்று நாம் சொல்பவை, எஞ்சின் வேகம் கூடக்கூட வெளிப்பக்கம் தள்ளப்பட்டுக் கப்பியை நெருக்குகின்றன. பெல்ட் மேலேறுகிறது, கியர் மாறுகிறது. ஸ்கூட்டரின் குணம் முழுவதும் இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. கார்புரேட்டரை எத்தனை திருகினாலும் கிடைக்காத முன்னேற்றம் இந்தப் பெட்டியைச் சுத்தம் செய்தால் கிடைக்கும் என்பது என் அனுபவம்.

சென்ற ஆண்டு பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் வந்து, "சித்தப்பா, கிளம்பும்போது வண்டி உதறுது, எஞ்சின் போயிடுச்சுன்னு பட்டறையில சொல்லிட்டாங்க" என்றான். மூடியைத் திறந்தோம். மூடியின் போல்ட்டுகள் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. எனவே ஓர் அட்டையில் மூடியின் உருவத்தை வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அதன் இடத்தில் குத்திவைத்தோம். உள்ளே சாம்பல் நிறத்தில் பெல்ட் பொடி, அதன்மேல் மழைநீர் பட்டு உறைந்து ஓடாகியிருந்தது. கிளட்ச் டிரம்மின் உட்பக்கம் கண்ணாடிபோல் பளபளத்தது. உதறலுக்கு அந்தப் பளபளப்புதான் காரணம். பிடிக்க வேண்டிய பரப்பு வழுவழுப்பானதால் கிளட்ச் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்தது. ஈரத் துணியால் பொடியைத் துடைத்தெடுத்து (வாயால் ஊதாதீர்கள், அந்தப் பொடி நுரையீரலுக்கு ஆகாது), டிரம்மையும் கிளட்ச் கட்டைகளையும் உப்புத்தாளால் குறுக்காகத் தேய்த்து மங்கலாக்கி, பெட்ரோல் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசையை நீக்கி மாட்டினோம். உதறல் போய்விட்டது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

பெட்டியைத் திறந்தவுடன் பெல்ட்டை வெளியே எடுத்து வளைத்துப் பாருங்கள். பற்களுக்கு இடையே வெடிப்பு இருந்தாலோ, ஓரத்தில் நூல் பிரிந்திருந்தாலோ, புதியதன் அகலத்திலிருந்து ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் குறைந்திருந்தாலோ மாற்றிவிட வேண்டும். ஹோண்டா வண்டிகளில் 8,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை பார்த்து, 24,000 கிலோமீட்டரில் மாற்றுவது வழக்கமான கணக்கு. ஓட்டத்தில் அறுந்த பெல்ட் கிளட்ச்சைச் சுற்றிக்கொண்டு மற்ற பாகங்களையும் உடைக்கும் என்பதால், இருபத்திரண்டாயிரத்திலேயே நான் மாற்றுகிறேன். பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் அது சுழலும் திசையைக் காட்டுகிறது. மாட்டும்போது பின்கப்பியை விரித்துப் பிடித்து, பெல்ட்டை அதன் ஆழத்துக்குள் இறக்கிக்கொண்டால்தான் முன்பக்கம் தளர்வு கிடைக்கும். அப்படி இறக்காமல் முன்நட்டை முடுக்கினால், பெல்ட் கப்பியின் தட்டுகளுக்கு நடுவே சிக்கி, நட்டு இறுகியதுபோல் பொய்த் தோற்றம் தரும். சிறிது தூரம் ஓடியதும் நட்டு கழன்று முன்கப்பியே பாழாகும். வீட்டில் வேலை செய்பவர்கள் செய்யும் மிகப் பெரிய பிழை இதுதான்.

ரோலர்களைக் கையில் உருட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால், வண்டி ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தயங்கி, பிறகு திடீரென்று பாயும். ஆறையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கையேடு கேட்காத வரை கிரீஸ் பூச வேண்டாம். சூட்டில் உருகிய கிரீஸ் பெல்ட்டைத் தொட்டால் அது வழுக்கும். இங்கேதான் நம் விருப்பத்துக்கு ஏற்ப வண்டியை மாற்றவும் இடம் இருக்கிறது. ரோலரின் எடையைக் குறைத்தால் எஞ்சின் அதிக வேகத்தில் சுழன்றபடி இருக்கும். மேட்டில் இரண்டு பேரோடு ஏறும், கிளம்பும்போது சுறுசுறுப்பாக இருக்கும், பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். எடையைக் கூட்டினால் சமதளத்தில் அமைதியாக ஓடும், மேட்டில் மூச்சு வாங்கும். மூட்டை ஏற்றி, பிள்ளைகளை ஏற்றி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு ரோலருக்கு 1 கிராம் குறைப்பது போதும். கடையில் 3 கிராம், 4 கிராம் குறைத்து, விறைப்பான ஸ்பிரிங்கும் சேர்த்துப் போட்டுத் தருகிறார்கள். வண்டி கத்துமே தவிர வேகம் கூடாது. எஞ்சினும் பெல்ட்டும் வீணாகச் சூடேறும். இளைஞர்கள் இதில் செலவழிக்கும் பணத்தைக் கண்டால் எனக்கு மனம் வருந்துகிறது.

தண்ணீரில் இறங்கும்முன்

பெல்ட் பெட்டிக்குக் குளிர்ச்சிக்காகக் காற்று வேண்டும். அதை இழுக்கும் துவாரம் பல வண்டிகளில் இடப்பக்கமாக, கீழாகவே இருக்கிறது. கப்பியோடு சுழலும் விசிறி, தண்ணீர் எட்டினால் தண்ணீரையும் இழுக்கும். எனவே சக்கரத்தின் அச்சைத் தொடும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதை விதியாக வைத்துக்கொண்டிருக்கிறேன். 14 அங்குலச் சக்கரத்துக்கு அது தரையிலிருந்து ஏறத்தாழ 25 சென்டிமீட்டர். முன்னால் நடந்து போகிறவரின் கெண்டைக்கால் பாதி நனைந்தால் அது உங்கள் வழியல்ல. அதற்குக் குறைவான தண்ணீரில், ஆக்சிலரேட்டரை விடாமல் மெதுவாக, நடை வேகத்தில், எதிரே லாரி அலை எழுப்பாத நேரம் பார்த்துப் போகலாம். சிக்னலில் தானாக எஞ்சினை நிறுத்தும் வசதி உள்ள வண்டி என்றால், இறங்கும்முன் அந்த ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். சைலன்சர் மூழ்கியிருக்கும்போது எஞ்சின் நிற்கக் கூடாது.

நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். இதை நான் கற்ற விதம் கொடுமையானது. ஒரு ஜூலை மாத மாலை, தாழ்வான தெரு ஒன்றில் கால் வைக்கும் தட்டுக்கு மேல் தண்ணீர் வந்து வண்டி நின்றது. இருட்டுகிறதே என்ற பதற்றத்தில் ஸ்டார்ட்டரை அழுத்தினேன். டொக் என்று ஒரே ஓசை, அதோடு முடிந்தது. சிலிண்டருக்குள் போன தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. இணைப்புத் தண்டு வளைந்துவிட்டது. அந்த ஒரு விநாடிக்கு எஞ்சினைப் பிரித்துக் கட்டும் செலவு ஆயிற்று.

செய்ய வேண்டியது இதுதான். வண்டியைத் தள்ளி மேட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து உள்ளே நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். உலர்ந்திருந்தால் பிளக் தொப்பியைத் துடைத்து, பிறகு ஸ்டார்ட் செய்யலாம். நனைந்திருந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் வயரை எஞ்சினிலிருந்து தள்ளி வைத்து, கிக் இருந்தால் கிக்காலும் இல்லையென்றால் ஸ்டார்ட்டரைச் சிறு தொடுதலாலும் எஞ்சினைச் சுற்றினால் தண்ணீர் பிளக் துளை வழியாகப் பீய்ச்சியடிக்கும். முகத்தை அருகில் வைக்காதீர்கள். ஆயிலின் நிறம் மாறியிருந்தால் வண்டியை ஓட்ட வேண்டாம்; ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். எஞ்சின் ஓடியும் வண்டி நகர மறுத்தால் பெல்ட் நனைந்திருக்கிறது; பெட்டியின் அடியில் வடிதுளை இருந்தால் அதைத் திறந்துவிட்டு, சென்டர் ஸ்டாண்டில் சில நிமிடம் மிதமாக ஓட்டினால் உலரும். ஆனாலும் அந்த வாரத்துக்குள் பெட்டியைத் திறந்து சேற்றைத் துடைத்தாக வேண்டும்.

பெட்ரோல், கார்புரேட்டர், பேட்டரி

இங்கே 92, 95 என்று இரண்டு வகைப் பெட்ரோல் விற்கிறது. 91 போதும் என்று சொல்லும் எஞ்சினுக்கு 95 ஊற்றுவதால் சக்தி கூடாது. கிராமத்து வழிகளில் பாட்டிலில் வாங்க நேர்ந்தால், பாட்டிலை இரண்டு நிமிடம் அசையாமல் வைத்து அடியைப் பாருங்கள். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது. அடியில் தனி முத்துபோல் உருண்டு நிற்கும். கடைசி இரண்டு விரல் அளவை டேங்கில் கவிழ்க்காமல் விட்டுவிடுவது நல்லது.

பழைய கார்புரேட்டர் வண்டியில் ஐடிலிங்கைச் சரிசெய்வது சூடான எஞ்சினில்தான். முதலில் வேகத் திருகால் ஐடிலிங்கைச் சற்றே உயர்த்திக்கொண்டு, கலவைத் திருகை மிக மெதுவாக உள்ளே திருகுங்கள். எஞ்சின் தடுமாறும் இடத்தை நினைவில் வையுங்கள். பிறகு வெளியே திருகி மறுபுறம் தடுமாறும் இடத்தைக் கண்டு, இரண்டுக்கும் நடுவில் நிறுத்தி, வேகத்தைத் திரும்பக் குறைத்துவிடுங்கள். உள்ளே இறுக்கித் திருகினால் ஊசி முனை நசுங்கிவிடும். மற்றபடி ஒன்றரை முதல் இரண்டரைச் சுற்றுக்குள் சரியான இடம் கிடைக்காவிட்டால், திருகைத் தொல்லை செய்வதை விட்டுவிட்டு உள்துளைகளைச் சுத்தம் செய்யுங்கள்.

எரிபொருளை ஊசியால் பீய்ச்சும் புதிய வண்டிகளில் திருகுவதற்கு ஒன்றும் இல்லை. சாவி போட்டவுடன் டேங்குக்குள் பம்ப் இரண்டு விநாடி முனகும். அந்த ஒலி இல்லை என்றால் பேட்டரியையும் ஃப்யூஸையும் முதலில் பாருங்கள். ஓய்வில் 12.3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய பேட்டரியோடு இந்த வண்டிகள் விசித்திரமான நோய்களைக் காட்டும். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும்.

சாலையில்

டயர் காற்றை வாரம் ஒரு முறை, குளிர்ந்த நிலையில் பாருங்கள். என் வண்டிக்கு முன்னால் 29, பின்னால் 33 பிஎஸ்ஐ. மழையில் பிடிமானம் கூடும் என்று காற்றைக் குறைக்கிறவர்கள் உண்டு. குறைந்த காற்றில் டயரின் பள்ளங்கள் நெருங்கித் தண்ணீரை வெளியேற்றாமல் போகும். டயரின் பள்ளம் 2 மில்லிமீட்டருக்கு வந்தால் மழைக்கு முன் மாற்றிவிடுங்கள்.

பிரேக்கில் பின்சக்கரத்தை மட்டும் நம்பும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. நிறுத்தும்போது எடை முன்னால் சாய்கிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்தினுடையது. நேராக இருக்கும்போது, இரண்டையும் சேர்த்து, முன்னதை முதலில் மென்மையாகத் தொட்டுப் பிறகு அழுத்தத்தைக் கூட்டுங்கள். மழை தொடங்கிய முதல் பதினைந்து நிமிடம் மிகவும் வழுக்கும். எண்ணெயும் தூசியும் கரைந்து மேலே வரும் நேரம் அது. தண்ணீரில் இறங்கி ஏறியபின் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி சிறிது தூரம் ஓட்டினால் டிரம் உலரும். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை முழுதாக விட்டு வேகத்தை மிகக் குறைத்தால், கிளட்ச் பிரிந்து எஞ்சினின் இழுபிடி இல்லாமல் போகும். அப்போது ஒரு கணம் லேசாக முறுக்கினால் கிளட்ச் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

இந்த நாட்டுக்கே உரிய ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். 1970-இல் சாலையின் வலப்பக்கம் ஓட்டும் முறைக்கு மாறினோம். ஆனால் ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்களில் ஸ்டீயரிங்கும் வலப்பக்கமே இருக்கிறது. ஆகவே முந்த நினைக்கும் ஓட்டுநர் சாலை ஓரத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். எதிரே வருவதைப் பார்க்க வேண்டுமானால் வண்டியின் பாதியை நம் பக்கம் நீட்டினால்தான் அவருக்குத் தெரியும். எதிர்வரிசையில் லாரிக்குப் பின்னால் கார் ஒன்று இருந்தால், அது வெளியே நீளும் என்று எண்ணியே வலது ஓரத்துக்கு ஒதுங்குங்கள். பகலிலும் விளக்கைப் போட்டு ஓட்டுங்கள். மொட்டமாவுக்குப் போகும் தான்லுவின் பாலம் ஏறத்தாழ 3.5 கிலோமீட்டர் நீளம். நடுவில் ஆற்றுக் காற்று பக்கவாட்டில் தள்ளும். லாரி கடக்கும்போது ஒரு கணம் நின்று, மறுகணம் இன்னும் பலமாக அடிக்கும். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல், முழங்கால்களைச் சேர்த்து, உடலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு 40 கிலோமீட்டருக்குள் போனால் வண்டி நேராகப் போகும்.

தீபாவளிக்கு முந்தைய வேலை

மழை விட்டதும், மேலே சொன்ன ஆயில், கியர் ஆயில், பெல்ட் பெட்டி ஆகியவற்றோடு, மறைவிடங்களில் துருவைத் தேட வேண்டும். முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, கைப்பிடியில் விரலை வையுங்கள்; மாவு அரைப்பதுபோல் ஓர் அதிர்வு விரலுக்கு வந்தால் பேரிங்கில் தண்ணீர் போயிருக்கிறது. டிஸ்க் பிரேக்கின் காலிப்பர் ஊசிகளைக் கழற்றி, துடைத்து, அதற்குரிய சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். இதைச் செய்யாததால்தான் ஒரு பக்கப் பேடு மட்டும் தேய்கிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை டாட் 3 அல்லது டாட் 4, மூடியில் எழுதியிருப்பது எதுவோ அதை மாற்றுங்கள். பின் டிரம் பிரேக்கின் லீவர் 10 முதல் 20 மில்லிமீட்டர் தளர்வாக இருக்க வேண்டும். ரேடியேட்டர் உள்ள வண்டியில் கூலண்ட் அளவைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. சென்டர் ஸ்டாண்டின் அச்சுக்கும் ஸ்பிரிங் கொக்கிக்கும் கிரீஸ் வையுங்கள். கடைசியாக, தேதியையும் அன்றைய கிலோமீட்டரையும் பெல்ட் மாற்றிய கிலோமீட்டரையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, சீட்டுக்கு அடியில் பெட்டியின் மூடியில் ஒட்டிவிடுகிறேன். என் வண்டியில் இப்போது அப்படி ஏழு தாள்கள் இருக்கின்றன.